பாட்டின் மண்ணிலிருந்து அட்டைப்படம்: இசைத்தொகுப்புக்கு இயற்கை சார்ந்த அட்டை வரைய முழுமையான வழிகாட்டி

காங்கேயம் பக்கத்துப் பாடகர் ஒருவரின் தொகுப்பில் ஒரு பாட்டு. உச்சிவெயிலில் அம்மா காட்டுக்குப் போய்விட்டாள் என்று பிள்ளை பாடுகிறது. குரலும் உடுக்கையும் மட்டும். அட்டை வரைய வந்த தம்பி சென்னையில் வளர்ந்தவர். பனிமூட்டம், வானைத் தொடும் மரங்கள், நடுவே ஒற்றையடிப் பாதை என்று அழகாகவே வரைந்து வந்தார். பாடகர் நெடுநேரம் பார்த்தார். "படம் நல்லாத்தானுங்க இருக்குது. ஆனா இது எங்க காடு இல்லீங்களே" என்றார்.

கொங்கில் காடு என்றால் வானம் பார்த்த மேட்டுநிலம். சோளமும் கொள்ளும் விதைக்கிற இடம், ஆடுமாடு மேய்கிற இடம். கிணற்றுப் பாசனம் இருந்தால் அது தோட்டம். வாய்க்கால் பாய்ந்து நெல் விளைந்தால் வயல். இந்த ஒரு சொல் தெரியாததால் மூன்று வார வேலை போயிற்று. பிறகு நானும் அந்தத் தம்பியும் சேர்ந்து முதலிலிருந்து தொடங்கினோம். அந்த அட்டை முடிந்த வரிசையில்தான் இந்த வழிகாட்டியை எழுதுகிறேன். வரிசை முக்கியம். வரையத் தெரிந்தவர்கள்கூடத் தடுக்கி விழுவது வரிசையை மாற்றும்போதுதான்.

## 1. பென்சிலைத் தொடுமுன் பேசி முடிக்க வேண்டியவை

முதலில் படம் எங்கெல்லாம் போகப்போகிறது என்று கேளுங்கள். செல்பேசிச் செயலிகளில் மட்டுமா, சிடி அச்சாகுமா, இசைத்தட்டு வருமா, கச்சேரிக்குப் பதாகை வேண்டுமா? இதைப் பொறுத்துத்தான் கோப்பின் அளவு அமையும். முடிந்த பிறகு பெரிதாக்கினால் கோடுகள் மழுங்கிவிடும்.

இரண்டாவது, உரிமை. 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவுப்படி, ஒருவர் பணம் கொடுத்து, அவர் கேட்டதற்காக எடுக்கப்படும் ஒளிப்படத்துக்கும் வரையப்படும் ஓவியத்துக்கும், வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், முதல் உரிமையாளர் பணம் கொடுத்தவரே. வரைபவர் பலருக்கு இது தெரியாது. படத்தைப் பின்னால் சட்டையில் அச்சடிக்கவோ சொந்தக் கண்காட்சியில் மாட்டவோ நினைத்தால் முன்பே எழுதி வைத்துக்கொள்ள வேண்டும்.

ஒப்பந்தத்தால் உரிமை வரைபவரிடமே இருந்து, அவர் அதைப் பாடகருக்கு எழுதிக் கொடுக்கிறார் என்றால், காலத்தையும் எல்லையையும் குறிப்பிடுங்கள். குறிப்பிடாவிட்டால் 19ஆம் பிரிவுப்படி காலம் 5 ஆண்டு என்றும், எல்லை இந்தியா மட்டும் என்றும் கொள்ளப்படும். பாட்டு உலகம் முழுக்க ஒலிக்கும், அட்டைக்கு மட்டும் இந்தியாவுக்குள்தான் உரிமை இருக்கும். இந்தச் சிக்கல் பாடகருக்கு எதற்கு?

ஒரு பக்கத் தாள் போதும். கூலி, முன்பணம், எத்தனை முறை திருத்தம், உரிமை யாருக்கு, எவ்வளவு காலம், எங்கெல்லாம். இரண்டு பேரும் கையெழுத்துப் போடுங்கள். தெரிந்தவர்தானே என்று விட்டுவிடாதீர்கள். உறவு கெட்டுப்போகாமல் இருக்கத்தான் தாள்.

## 2. மூன்று முறை கேளுங்கள், மூன்று விதமாக

முதல் முறை கண்ணை மூடிக் கேளுங்கள். குறிப்பு எடுக்க வேண்டாம். கேட்டு முடித்ததும் உடம்பில் என்ன நின்றது என்று மட்டும் எழுதுங்கள்: வெயிலா, ஈரமா, காற்றா, புழுக்கமா? பகலா, விடியலா?

இரண்டாம் முறை வரிகளைத் தாளில் வைத்துக்கொண்டு கேளுங்கள். இயற்கையைக் குறிக்கும் ஒவ்வொரு சொல்லையும் அடிக்கோடிடுங்கள். பிறகு அந்தச் சொற்களுக்கு உங்கள் ஊரில் என்ன பொருள் என்பதை மறந்துவிட்டு, பாடுகிறவர் ஊரில் என்ன பொருள் என்று அவரிடமே கேளுங்கள். "எந்த வேலிங்க? கம்பி வேலியா, உயிர்வேலியா?" "மழைன்னா ஆடிச் சாரலா, ஐப்பசி மழையா?" வரைந்த பிறகு கேட்டால் இந்தக் கேள்விகளால் பயனில்லை.

மூன்றாம் முறை வரிகளை ஒதுக்கிவிட்டு இசையை மட்டும் கவனியுங்கள். கருவிகள் குறைவாக இருந்தால் படத்திலும் பொருள் குறைய வேண்டும். தவிலும் துடும்பும் முழங்குகிற தொகுப்புக்கு வெறிச்சோடிய ஒற்றை மரத்தை வைத்தால், படமும் பாட்டும் வேறு வேறு வீட்டுப் பிள்ளைகள் மாதிரி நிற்கும்.

## 3. அந்த நிலத்துக்குப் போய் வாருங்கள்

இணையத்தில் தேடிய படங்களிலிருந்து வரையத் தொடங்குவதுதான் புதியவர்கள் அதிகம் செய்யும் பிழை. காங்கேயம் மரம் என்று தேடி எடுத்த படத்தில் சீமைக்கருவேலம் நின்றது. அது வெளியிலிருந்து வந்து பரவிய மரம். அந்த ஊர் மேய்ச்சல் நிலமான கொரங்காட்டின் மரம் வெள்வேல். பட்டை வெளுத்திருக்கும், கிளை குடை விரிந்த மாதிரி பரந்திருக்கும், அதன் காயை மாடுகள் விரும்பித் தின்னும். கீழே கொழுக்கட்டைப் புல், சுற்றிலும் முள்கிளுவை வேலி. ஊர்க்காரர் கண்ணுக்கு இரண்டு மரத்துக்கும் உள்ள வேறுபாடு நொடியில் தெரியும். அட்டையை முதலில் கையில் வாங்கப்போவதும் அவர்கள்தான்.

போகும் மாதத்தையும் யோசியுங்கள். நாங்கள் போனது மாசியில். வேலியோரம் நின்று படம் எடுத்துக்கொண்டிருந்த தம்பியைப் பார்த்து ஆடு மேய்த்துக்கொண்டிருந்த அம்மா கேட்டார்: "ஏஞ்சாமி, முள்ளுக்குள்ள என்னத்தத் தேடற?" விஷயத்தைச் சொன்னோம். "இப்ப வந்தா என்ன இருக்கும்? எலையெல்லாம் கொட்டிப்போச்சு. மழ பேஞ்சா தளுத்துரும், அப்ப வாங்க" என்றார். எங்களுக்கு இலை கொட்டிய வேலிதான் வேண்டியிருந்தது, பாட்டு கோடைப் பாட்டு. ஆனால் அவர் சொல்லியிருக்காவிட்டால், காய்ந்த புல்லையும் தழைத்த கிளுவையையும் ஒரே படத்தில் வைத்திருப்போம். அப்படி ஒரு நாள் அந்த ஊரில் வராது.

பருவத்தைக் கலக்கும் இந்தப் பிழையைப் பல இடங்களில் பார்க்கிறேன். சித்திரை வெயிலில் செங்காந்தள் பூத்திருக்கும். எல்லா மாதமும் மயில் நீண்ட தோகையோடு நிற்கும். மயில் இனப்பெருக்கக் காலம் முடிந்ததும் தோகையை உதிர்த்துவிடும். பொங்கலை ஒட்டிய பாட்டு என்றால் காப்புக்கட்டுக்குப் பறிக்கும் பூளைப்பூவும் ஆவாரம்பூவும் கண்முன்னே இருக்கின்றன. அவற்றை விட்டுவிட்டுத் தாமரையைத் தேடிப் போகிறோம்.

வெளிச்சத்துக்கு ஒரு கணக்கு உண்டு. கோவையிலிருந்து பார்த்தால் வெள்ளியங்கிரி மலை மேற்கே இருக்கிறது. காலையில் வெயில் மலையின் முகத்தில் விழும், மடிப்பும் பாறையும் தெளிவாகத் தெரியும். மாலையில் சூரியன் மலைக்குப் பின்னால் போய்விடும், வெறும் கருநிழல்தான் மிஞ்சும். இரண்டும் நல்லவையே. எது வேண்டும் என்று முடிவு செய்துவிட்டுப் போனால் ஒரு நாள் மிச்சம்.

அனுமதி விஷயத்தில் அசட்டை வேண்டாம். ஆனைமலை, சத்தியமங்கலம் புலிகள் காப்பகங்களுக்குள் படமெடுக்க வனத்துறை அனுமதி வேண்டும். தனியார் காடு என்றால் சொந்தக்காரரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். கேட்டால் பெரும்பாலும் மோர் கொடுத்துத்தான் அனுப்புவார்கள். டிரோன் பறக்கவிடுவதாக இருந்தால் முதலில் அரசின் டிஜிட்டல் ஸ்கை வரைபடத்தைப் பாருங்கள். கோவை விமான நிலையமும் சூலூர் விமானப்படைத் தளமும் அருகருகே இருப்பதால் சுற்றுவட்டாரத்தில் கட்டுப்பாடு அதிகம்.

ஒளிப்படத்தையே அட்டையாக்கப் போகிறீர்களா? 12 மெகாபிக்சல் செல்பேசிப் படம் பொதுவாக 4032 × 3024 பிக்சல். சதுரமாக வெட்டினால் 3024 தான் மிஞ்சும். இன்னும் கொஞ்சம் நெருக்கமாக வெட்டலாம் என்று வீட்டுக்கு வந்து நினைத்தால் அளவு போதாது. அதனால் அங்கேயே சதுரமாகப் பார்த்து எடுங்கள். கைவசம் இருக்கும் கருவியின் உயர்ந்த பிக்சல் அமைப்பில் எடுங்கள்.

## 4. ஒன்றே ஒன்றைத் தேர்ந்தெடுங்கள்

களத்திலிருந்து திரும்பும்போது கை நிறைய இருக்கும். எங்களிடம் வெள்வேல் மரம், வேலங்காய், மேயும் மாடு, கிளுவை முள், ஒரு படல், பனை வரிசை, இட்டேரி எல்லாம் இருந்தன. எல்லாவற்றையும் ஒரே சதுரத்துக்குள் அடைக்கத் தம்பிக்கு ஆசை. அப்படி அடைத்தால் அது சுற்றுலாத் துறை விளம்பரமாகும்.

தேர்வுக்கு நான் வைத்திருக்கும் கேள்வி ஒன்றுதான்: இந்தப் பொருளை எடுத்துவிட்டால் பாட்டு நடக்குமா? மாடு இல்லாமல் அந்தப் பாட்டு நடக்கும். பனை இல்லாமலும் நடக்கும். அம்மா நடந்து போன வழி இல்லாமல் நடக்காது. இருபுறமும் வேலி ஓங்கிய, நடுவே மண் வெளுத்த அந்த வழிக்குக் கொங்கில் இட்டேரி என்று பெயர். பாட்டு வரியில் அந்தச் சொல் வரவே இல்லை. ஆனால் பிள்ளை நின்று பார்த்துக்கொண்டிருக்கும் இடம் அதுதான். பாடகரிடம் சொன்னோம். சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "ஆமாங்க, அங்கதான் நிப்பேன்" என்றார். அதோடு பொருள் முடிவாயிற்று.

அம்மாவின் உருவத்தை வரைய வேண்டுமா என்று ஒரு நாள் முழுக்கப் பேசினோம். வரையவில்லை. வழி வெறுமையாக இருந்தால்தான் அவள் போய்விட்டாள் என்பது தெரியும்.

## 5. சின்னச் சதுரத்தில் முதலில் வரையுங்கள்

கேட்பவர் அட்டையை முதலில் பார்ப்பது செல்பேசிப் பட்டியலில், ஏறத்தாழ 1 செ.மீ. அளவில். பெரிய திரையில் வரைந்து கடைசியில் சுருக்கிப் பார்ப்பவர்கள் அப்போதுதான் படம் காணாமல் போனதைக் கண்டுபிடிக்கிறார்கள். அதனால் தலைகீழாகத் தொடங்குங்கள்.

ஒரு தாளில் 3 செ.மீ. சதுரங்கள் இருபது போடுங்கள். தடித்த மார்க்கர் பேனாவால் கறுப்பு, வெள்ளை, ஒரு சாம்பல் என்று மூன்று அடர்த்தியில் மட்டும் அமைப்பை வரையுங்கள். பென்சில் வேண்டாம். பென்சில் நுணுக்கத்துக்கு இழுக்கும், இந்தக் கட்டத்தில் நுணுக்கம் ஏமாற்றும். முதல் ஐந்தாறு எல்லோருக்கும் தோன்றுவதாகவே இருக்கும். பத்துக்குப் பிறகுதான் வேலை தொடங்கும்.

எங்கள் பதினான்காவது சதுரத்தில் இரண்டு கரிய வேலிகள் கீழே அகன்று மேலே நெருங்கின, நடுவே வெள்ளையாக வழி. சுவரில் ஒட்டிவிட்டு ஐந்தடி தள்ளி நின்று பார்த்தபோதும் அது நின்றது. மற்றவை சாம்பல் கறையாகத் தெரிந்தன.

இந்தக் கட்டத்திலேயே எழுத்துக்கு இடம் ஒதுக்குங்கள். வழியின் மேல்முனையில் வெளுத்த வானத்தை எழுத்துக்காகவே காலியாக விட்டோம். படத்தை முடித்துவிட்டுத் தலைப்பை எங்கே வைப்பது என்று தேடுபவர்கள் கடைசியில் ஒரு கறுப்புப் பட்டையைப் போட்டு அதன்மேல் எழுதுவார்கள். பட்டை படத்தைக் கொன்றுவிடும்.

## 6. பெரிய அளவில் வரைதல்

4000 × 4000 பிக்சல் கோப்பில் வேலை செய்யுங்கள். இணைய வெளியீட்டுக்கு 3000 × 3000 கேட்பதுதான் பரவலான வழக்கம். 12 அங்குல இசைத்தட்டின் உறை சுமார் 12.4 அங்குலம். அச்சுக்குரிய 300 டிபிஐ (அங்குலத்துக்கு 300 புள்ளி) கணக்கில் 4000 பிக்சல் 13.3 அங்குலத்துக்கு வரும். எனவே வெட்டு விளிம்பையும் (அச்சான பின் வெட்டி எறிய விடும் ஓரம்) சேர்த்து இரண்டுக்கும் ஒரே கோப்பு போதும்.

தாளில் மையால் வரைவதாக இருந்தால் ஸ்கேன் அளவில் தவறுகிறார்கள். ஏ4 தாளின் குறுகிய பக்கம் 210 மி.மீ. 300 டிபிஐயில் ஸ்கேன் செய்தால் 2480 பிக்சல்தான் கிடைக்கும். 600 வைத்து ஸ்கேன் செய்யுங்கள்.

வேலி, வழி, வானம், எழுத்து என்று ஒவ்வொன்றையும் கோப்பில் தனி லேயரில் (அடுக்கில்) வையுங்கள். பதாகைக்கு நீள்சதுரம் கேட்பார்கள், அப்போது பிரித்து நகர்த்த வேண்டும். கிளுவை முள்ளை நாங்கள் ஓரங்களில் மட்டும் நுணுக்கமாக வரைந்தோம், உள்ளே மொத்தக் கருமைதான். கண் விளிம்பைப் பார்த்துத்தான் செடியை அடையாளம் காண்கிறது.

## 7. எழுத்து: அதிக நேரம் இதற்கு ஒதுக்குங்கள்

தமிழ் எழுத்தில் நேரும் பிழைகள் நல்ல படத்தையும் கீழே இறக்கிவிடும்.

மென்பொருளிலிருந்து தொடங்குவோம். போட்டோஷாப், இல்லஸ்ட்ரேட்டரின் பழைய அமைப்புகளில் தமிழைத் தட்டினால் கொம்பும் காலும் இடம் மாறி நிற்கும். எழுத்து அமைப்புகளுக்குள் போய் தெற்காசிய மொழிகளுக்கான வசதியை இயக்கினால் சரியாகும். இங்க்ஸ்கேப்பிலும் ஜிம்ப்பிலும் இந்தத் தொல்லை இல்லை. எதில் செய்தாலும் முடிவில் தமிழ் நன்றாகப் படிக்கத் தெரிந்த ஒருவரிடம் காட்டி எழுத்துக்கூட்டிப் படிக்கச் சொல்லுங்கள்.

அடுத்தது புள்ளி. "மண்" என்ற சொல்லில் புள்ளி மறைந்தால் அது "மண" ஆகிவிடும். 4000 பிக்சல் கோப்பில் 100 பிக்சல் அகலமுள்ள புள்ளி, 1 செ.மீ. பட்டியல் படத்தில் கால் மில்லிமீட்டர்தான். அதற்குக் கீழே போனால் கண்ணுக்குத் தெரியாது. பல எழுத்துருக்களில் புள்ளி சிறியது. தலைப்பை வடிவமாக மாற்றிக்கொண்டு புள்ளியை மட்டும் பெரிதாக்குங்கள். யாருக்கும் உறுத்தாது, எல்லோருக்கும் படிக்க வரும்.

எழுத்துகளுக்கு இடையே இடைவெளியைக் கூட்டுவது ஆங்கிலத் தலைப்புகளில் நன்றாக இருக்கும். தமிழில் "கா" என்பதில் கால் விலகினால் "கர" என்று படிக்க வைக்கும். இடைவெளி வேண்டுமென்றால் முழு எழுத்துகளுக்கு நடுவே கையால் நகர்த்துங்கள். நீண்ட சொல்லை இரண்டு வரியாக உடைத்தால் பொருள் உடையாத இடத்தில் உடையுங்கள்.

இயற்கை சார்ந்த அட்டை என்பதால் எழுத்தையும் கொடியாக, இலையாக, வேராக வளைக்கத் தோன்றும். செய்யாதீர்கள். படம் ஏற்கெனவே செடியைச் சொல்கிறது. எழுத்தின் வேலை படிக்கப்படுவது. கையெழுத்தில் எழுதினால் இன்னும் நல்லது. நாங்கள் பாடகரையே மூங்கில் குச்சியால் மை தொட்டு எழுதச் சொன்னோம். முப்பது முறை எழுதினார், பதினொன்றாவதை எடுத்துக்கொண்டோம்.

எழுத்துரு பயன்படுத்தினால் உரிமத்தைப் பாருங்கள். நோட்டோ, கேட்டமரன், முக்தா மலர், பாலூ தம்பி போன்றவை திறந்த உரிமத்தில் கிடைக்கின்றன, விற்பனைக்கான அட்டையிலும் பயன்படுத்தலாம்.

## 8. நிறம்

மூன்று நிறம் போதும். அவற்றைக் களத்துப் படங்களிலிருந்தே எடுங்கள். மனதிலிருந்து எடுத்தால் மண் எப்போதும் செக்கச்செவேல் என்றும் வானம் நீலம் என்றும் வரும். மாசி உச்சிவெயிலில் எங்கள் வானம் ஏறக்குறைய வெள்ளை. மண் செம்மை வெளிறிய சரளை நிறம். வேலி சாம்பல் கலந்த கருப்பு. அந்த மூன்றும்தான் அட்டையில் இருக்கின்றன.

அச்சுக்குப் போகும் தொகுப்பு என்றால் ஓர் எச்சரிக்கை. திரையில் ஒளிரும் நாற்றங்கால் பச்சை, மயில்கழுத்து நீலம், செங்காந்தளின் செம்மஞ்சள் ஆகியவை நான்கு மை அச்சில் மங்கிவிடும். அந்த மைகளால் அந்தப் பிரகாசத்தைத் தர முடியாது. ஈரோட்டு மஞ்சளின் நிறம் மட்டும் பெரும்பாலும் தப்பிக்கும், மஞ்சள் மை தனியாகவே இருப்பதால். கோபி வயல்களின் பச்சையை நம்பி ஒரு அட்டை செய்கிறீர்கள் என்றால், வேலையின் நடுவிலேயே அச்சு நிற முன்னோட்டத்தில் பாருங்கள்.

## 9. பாடகரிடம் காட்டுவது

ஒன்றைக் காட்டுங்கள், அதிகம் போனால் இரண்டு. ஐந்து காட்டினால் இதிலிருந்து மரம், அதிலிருந்து வானம் என்று பொறுக்கத் தொடங்குவார்கள். செல்பேசியில் அனுப்பி, பட்டியல் அளவிலும் முழு அளவிலும் பார்க்கச் சொல்லுங்கள். பாட்டை ஓடவிட்டுப் பார்க்கச் சொல்லுங்கள்.

"நல்லாயிருக்கா" என்று கேட்டால் "நல்லாயிருக்குங்க" என்றுதான் பதில் வரும், நம் ஊர் மரியாதை அது. "எது பொய்யாத் தெரியுது?" என்று கேளுங்கள். நாங்கள் அப்படிக் கேட்ட பிறகுதான் எங்கள் பாடகர் சொன்னார்: வண்டித் தடத்தில் புல் இருக்காது, தடம் இரண்டுக்கும் நடுவே மட்டும்தான் இருக்கும் என்று.

## 10. கோப்புகளை ஒப்படைப்பது

இணைய வெளியீட்டுக்கு 3000 × 3000 ஜேபெக், திரைக்குரிய ஆர்ஜிபி நிறம். எழுத்து விளிம்பிலிருந்து குறைந்தது 5 விழுக்காடு உள்ளே இருக்கட்டும், 4000 பிக்சலில் அது 200. செயலிகள் மூலைகளை வளைத்துக் காட்டும்.

அட்டையில் இணைய முகவரி, தொலைபேசி எண், கியூஆர் குறி, விலை, செயலிகளின் சின்னம் எதுவும் வேண்டாம், விநியோகிப்பவர்கள் திருப்பி அனுப்பிவிடுவார்கள். தலைப்பும் பாடகர் பெயரும் படிவத்தில் நிரப்பியதும் அட்டையில் இருப்பதும் ஒன்றாக இருக்க வேண்டும். ஊர்ப் பெயரோடு ஓரிடத்தில், இல்லாமல் ஓரிடத்தில் என்று இருந்து வெளியீடு ஒரு வாரம் தள்ளிப்போனதைப் பார்த்திருக்கிறேன்.

சிடி முன்தாள் பொதுவாக 120 மி.மீ. சதுரம், சுற்றிலும் 3 மி.மீ. வெட்டு விளிம்பு சேர்த்து 126 மி.மீ. இசைத்தட்டு உறையின் அளவு அச்சகத்துக்கு அச்சகம் சற்று மாறும், அவர்கள் தரும் மாதிரிக் கோப்பை வாங்கிக்கொண்டு அதில் பொருத்துங்கள். அச்சுக்கோப்பில் எழுத்தை வடிவமாக மாற்றி அனுப்புங்கள். இல்லாவிட்டால் அச்சகத்துக் கணினியில் அந்த எழுத்துரு இல்லாமல் கொம்பெல்லாம் கட்டமாகிவிடும். சிறிய எழுத்துகளுக்குக் கறுப்பு மை ஒன்றை மட்டும் வையுங்கள். நான்கு மையும் சேர்ந்தால், தாள் ஒரு இம்மி நகர்ந்தாலும் புள்ளிக்கு நிழல் விழும்.

முழு அச்சுக்கு முன் ஒரு மாதிரி அச்சு எடுத்துப் பகல் வெளிச்சத்தில், வாசலில் வைத்துப் பாருங்கள். எங்கள் மாதிரியில் வழியின் வெளிறிய நிறம் சற்று நீலம் பாய்ந்து வந்தது. மஞ்சளை இரண்டு விழுக்காடு கூட்டச் சொன்னோம். இரண்டாம் மாதிரியைப் பாடகர் தன் வீட்டுத் திண்ணையில் சாய்த்து வைத்தார். அவர் அம்மா உள்ளேயிருந்து வந்து பார்த்துவிட்டு, "இது நம்ம தெக்காலக் காட்டு இட்டேரி தானே?" என்றார். அன்று மாலையே அச்சுக்குச் சரி சொல்லிவிட்டோம்.